திறக்காத சிப்பியின் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பை நடத்தியபோது, கரைக்குத் திரும்பும் தோணிகள் நேராக ‘கொட்டு’ எனப்பட்ட அரசு அடைப்புக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்று அதிகாரி பிறகுதான் கைகாட்டுவார். அதனால் குவியல்களைச் சமமாகப் பிரிப்பதுதான் குளித்தவர்களுக்கே லாபம். அரசின் பங்கு, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். அதுவரை ஒரு சிப்பிகூடத் திறக்கப்பட்டிருக்காது. உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது அரசுக்கும் தெரியாது, ஏலம் எடுத்தவருக்கும் தெரியாது.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருக்கும் புன்னக்காயல் இந்தக் கடற்கரையின் பழைய ஊர்களில் ஒன்று. ஆறு கொண்டுவந்த மண்ணால் கடல் விலகிப்போக, கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் புன்னக்காயல் என்று துறைமுகம் கிழக்கே நகர்ந்துகொண்டே வந்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் முத்து வணிகத்தில் பெயர்பெற்ற துறை இது. அதற்கும் முன்னால், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், மாபார் என்று அழைக்கப்பட்ட இந்தக் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போனது என்கிறார். ஆட்சி மாறியது, விகிதம் மாறியது, பங்கு வாங்கும் இடம் மட்டும் மாறவில்லை. கடலுக்குள் யார் எத்தனை முறை மூழ்கினார் என்று எந்த அரசாலும் எண்ண முடியாது. எல்லாச் சரக்கும் கரையேறித்தானே ஆக வேண்டும்? அங்கே நின்றால் போதும்.

இணையத்தில் பொருள் விற்பவர்களுக்கு இன்று இந்திய வருமான வரித்துறை வைத்திருக்கும் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான். நாட்டில் எத்தனை வீட்டிலிருந்து எத்தனை பார்சல் புறப்படுகிறது என்று துறையால் பார்க்க முடியாது. ஆனால் வாங்குபவரின் பணம் இணையச் சந்தையின் வழியாகத்தான் விற்பவருக்கு வருகிறது. ஆகவே அந்த நிறுவனத்தையே கரையில் நிற்க வைத்தார்கள். வருமான வரிச் சட்டத்தில் 194-ஓ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்ற தொகையில் ஒரு விழுக்காட்டைத் தளமே பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் இந்த விகிதம் 0.1 விழுக்காடாகக் குறைந்தது. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய்.

இந்தக் குறைப்பைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வசூல் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது, அறிக்கை ஒரு வரிகூடச் சுருங்கவில்லை. யார், எவ்வளவுக்கு விற்றார் என்ற தகவல் முன்போலவே முழுதாகப் போய்ச் சேர்கிறது. ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் வாங்கி எந்த அரசும் கஜானாவை நிரப்பிவிடாது. அந்த ஒரு ரூபாய் தகவலைச் சுமந்து செல்லும் வண்டி என்றே எனக்குத் தோன்றுகிறது.

புன்னக்காயலில் ஒரு பெண்மணி நெத்திலிக் கருவாடும் மாசியும் பொட்டலம் போட்டு, ஒரு தளத்தின் மூலம் தமிழ்நாட்டுக்குள் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் வாடிக்கையாளர்கள் செலுத்திய மொத்தத் தொகை 6,00,000 ரூபாய். தளம் கமிஷன், கூரியர், விளம்பரம் என்று 1,50,000 கழிக்கிறது. டிடிஎஸ் எனப்படும் அந்த வரிப் பிடித்தம் 600 ரூபாய். அவர் வங்கிக்கு வருவது 4,49,400. மீன், உப்பு, ஆள்கூலி, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 3,20,000 செலவு. கையில் நிற்கும் லாபம் 1,30,000.

இந்த ஒரே வியாபாரத்துக்கு இப்போது மூன்று எண்கள் இருக்கின்றன. வங்கிப் புத்தகம் 4,49,400 என்கிறது. அவருடைய நோட்டு 1,30,000 என்கிறது. வரித்துறையிடம் இருக்கும் அறிக்கையோ 6,00,000 என்கிறது. மூன்றும் உண்மை. பெரும்பாலான குழப்பமும் பயமும் இங்கேதான் பிறக்கின்றன. “நமக்கு நாலரை லட்சம்தானே வந்தது, ஆறு லட்சம் என்று யார் எழுதியது?” என்று ஆடிட்டரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. எழுதியது தளம்தான், சரியாகவும் எழுதியிருக்கிறது. சட்டம் அதனிடம் கேட்பது விற்ற தொகையை மட்டுமே. மீன் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பது தளத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது சிப்பியை எண்ணித் தருகிறது. முத்து எவ்வளவு என்பதை விற்பவர்தான் திறந்து காட்ட வேண்டும். திறந்து காட்டும் இடத்துக்குப் பெயர் வருமான வரிக் கணக்குத் தாக்கல்.

அந்தப் பெண்மணி கணக்குத் தாக்கல் செய்யும்போது, விற்றுமுதல் என்ற இடத்தில் 6,00,000 என்றே எழுத வேண்டும். வங்கிக்கு வந்ததைப் பார்த்து 4,49,400 என்று போட்டால், கணினி உடனே வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். கமிஷனும் கூரியரும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியவை. முழுத்தொகையை எழுதி, செலவைக் கழித்து, 1,30,000 லாபம் காட்டினால், வேறு வருமானம் இல்லாதவருக்கு வரி என்று எதுவுமே வராது. பிடித்த 600 ரூபாயும் திரும்ப வங்கிக்கு வந்துவிடும். தாக்கல் செய்யாவிட்டால் அது அரசிடமே தங்கிவிடும்.

ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாத தனிநபராக இருந்து, பான் எண்ணையோ ஆதாரையோ தளத்திடம் கொடுத்திருந்தால் இந்தப் பிடித்தமே கிடையாது. கொடுக்காவிட்டால் 5 விழுக்காடு போய்விடும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்களுக்கு இது போதாதென்று இன்னொரு பிடித்தமும் உண்டு. அது 2018இல் ஒரு விழுக்காடாகத் தொடங்கி, 2024 ஜூலையில் அரை விழுக்காடானது. அதற்கான கணக்கு ஜிஎஸ்டி தளத்தில் தனியாக ஓடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எல்லாத் தகவலும் வந்து விழும் இடம் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை. 2021 நவம்பரில் வந்தது. அதற்கு முன் இருந்த 26ஏஎஸ் படிவத்தில் பெரும்பாலும் பிடித்த வரிதான் தெரியும். இதில் சேமிப்புக் கணக்கின் வட்டி, பங்கு ஈவுத்தொகை, ஜிஎஸ்டியில் காட்டிய விற்றுமுதல் வரை வரிசையாக நிற்கும். பதிவிறக்கினால் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய ஆங்கில எழுத்தில் அடித்து, அதை ஒட்டிப் பிறந்த தேதியை எட்டு இலக்கத்தில் போட்டால் திறக்கும். உள்ளே ஒவ்வொரு வரிக்கும் நேராக, தகவல் தந்தவர் யார் என்ற பெயரும் தொகையும் இருக்கும். தவறென்று தெரிந்தால் அங்கேயே பதில் சொல்லலாம்: இந்தத் தொகை சரியில்லை, இது வேறொருவருடையது, இதே தொகை இரண்டு முறை வந்திருக்கிறது என்று. வியாபாரிகள் பலர் இந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை. தொட வேண்டும், அந்த அறிக்கையில் நம் பக்கத்து வாக்குமூலம் அது ஒன்றுதான்.

இவ்வளவு நூல்களையும் ஒரே முடிச்சில் கட்டுவது பத்தே எழுத்துகள் கொண்ட பான் எண். அதன் நான்காம் எழுத்து ‘பி’ என்றால் தனிநபர். ஐந்தாம் எழுத்து, கடைசிப் பெயரின் முதல் ஆங்கில எழுத்து. பெர்னாண்டோ என்றால் ‘எஃப்’, மச்சாது என்றால் ‘எம்’. கடைசி எழுத்து முந்தியவை சரியா என்று சோதிக்க வைத்தது. பெங்களூரில் இருக்கும் தளமும், ஊர் வங்கிக் கிளையும், பரஸ்பர நிதி நிறுவனமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. இருந்தும் அவை அனுப்பும் தகவல்கள் எல்லாம் அந்தப் பத்து எழுத்தின் கீழ் தாமாக வந்து அடுக்கிக்கொள்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

வியப்பு இருக்கட்டும், இந்த ஏற்பாடு தடுமாறும் இடமும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித்துறை, யுபிஐ வழியே வந்த தொகைகளைக் கூட்டிப்பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரர் நான்கு ஆண்டுகளில் 1.63 கோடி ரூபாய் வாங்கியிருந்தார். 29 லட்சம் கட்டச் சொன்னார்கள். பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! பெங்களூரில் கடை கடையாக ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. கடைசியில் விலக்கு பெற்ற பொருள்களுக்கு வரி கேட்பதில்லை என்று மாநில அரசு அறிவித்தது. திறக்காத சிப்பியை முத்தென்று எண்ணியதன் விளைவு அது. ஒருவர் வாங்கிய மொத்தத் தொகை, என்ன விற்றார் என்பதையும் சொல்லாது, என்ன மிஞ்சியது என்பதையும் சொல்லாது. அந்த எண்ணை வைத்துக் கேள்வி கேட்கலாம், தீர்ப்பு எழுதக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். அங்கே 1099-கே என்ற படிவம் விற்பவருக்கு வந்த மொத்தத் தொகையைச் சொல்லும். 600 டாலரைத் தாண்டினாலே இந்தப் படிவம் என்று 2021இல் சட்டம் போட்டார்கள். வீட்டுப் பழைய சாமானை விற்றவருக்கெல்லாம் படிவம் போகுமே என்ற கூச்சலில் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிவைத்து, 2025 ஜூலையில் பழைய 20,000 டாலர், 200 விற்பனை என்ற வரம்புக்கே திரும்பிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, ஜிபேயில் பணம் வாங்கும் கருவாட்டு வியாபாரிக்கு நடுவில் தளம் இல்லை, ஆகவே தளம் செய்யும் பிடித்தமும் இல்லை. அதனால் அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. அவருக்காகக் கணக்கு எழுத யாரும் இல்லை, அவ்வளவுதான். நோட்டை அவரே எழுத வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம்தான் நடைமுறை. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறினாலும், பிடித்து அறிக்கை தரும் முறை தொடர்கிறது.

ஏஐஎஸ் பார்க்க ஜூன் நடுப்பகுதி வரை பொறுப்பது நல்லது. மார்ச் காலாண்டுக்கான அறிக்கையைத் தளங்கள் மே 31 வரை தாக்கல் செய்யலாம். அதற்கு முன் திறந்தால் கடைசி மூன்று மாதம் காலியாகக் கிடக்கலாம். மார்ச் 30இல் விற்ற பொட்டலத்தின் பணம் ஏப்ரலில் வங்கிக்கு வந்திருந்தாலும், தளம் அதை மார்ச் கணக்கில் வரவு வைத்திருந்தால் முந்தைய ஆண்டிலேயே எழுதியிருக்கும். தளம் தரும் செட்டில்மென்ட் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.