ஒரு பக்கம் கேட்கவில்லை: பழுது இயர்பட்டிலா, காதிலா?

வயர்லெஸ் இயர்பட் பாவிப்பவர்கள் அதிகம் சொல்லும் முறைப்பாடு, ஒரு பக்கம் கேட்கவில்லை என்பதுதான். சிலருக்கு ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் முற்றாக நின்றிருக்கும். சிலருக்குச் சத்தம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்திருக்கும். கடைக்குக் கொண்டுபோனால் "புதுசு எடுங்கோ" என்பதே அநேகமாகக் கிடைக்கும் பதில். உண்மையில் பழுதென்று மேசை லாச்சிக்குள் போடப்படுபவற்றில் பல, பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை.

ஆனால் எங்களைப் பொறுத்தவரை அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கேட்காமல் போனது இயர்பட்டா, காதா? ஷெல்லடிக்கும் கிபிர் குண்டுவீச்சுக்கும் இடையில் வாழ்ந்தவர்களுக்கு இது விசித்திரமான கேள்வி அல்ல. வெடிப்பின் அழுத்த அலை உடலில் முதலில் தாக்கக்கூடிய உறுப்புகளில் செவிப்பறையும் ஒன்று. 2009 இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று வளர்ந்து, வேலைக்குப் போய், முதன்முதலாக இயர்பட் வாங்கிப் போடும்போதுதான் தனது இரண்டு காதும் ஒன்றுபோலக் கேட்கவில்லை என்பதை உணரக்கூடும். கையையும் காலையும் இழந்தவர்களுக்கு நடுவில் ஒரு காது மந்தமானது காயமாகவே எண்ணப்படவில்லை.

பழுது எதில் என்று அறிய எளிய வழி இருக்கிறது. பேச்சு மட்டும் உள்ள ஒலிப்பதிவொன்றை, செய்தி வாசிப்பு என்றாலும் போதும், நடுத்தரச் சத்தத்தில் ஓடவிடுங்கள். பிறகு இடது இயர்பட்டை வலது காதிலும், வலதை இடது காதிலும் மாற்றிப் பிடியுங்கள். வடிவம் பொருந்தாது, விரலால் பிடித்தால் போதும். மந்தம் இயர்பட்டோடு மற்றக் காதுக்கு இடம்மாறினால் பழுது இயர்பட்டில். எந்த இயர்பட்டை வைத்தாலும் அதே காதில்தான் மந்தம் என்றால் பழுது அந்தக் காதில். அது காது அழுக்கு அடைத்ததாகவும் இருக்கலாம், பழைய காயமாகவும் இருக்கலாம்.

இயர்பட்டில்தான் பழுது என்றால், முதலில் அதன் வலையைப் பாருங்கள். சத்தம் படிப்படியாகக் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த நுண்ணிய வலையில் படியும் காதுக் குறும்பிதான். றப்பர் முனையைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டித் துடையுங்கள். ஊசி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஊசி வலையைக் கிழிக்கும். தண்ணீர் அழுக்கை உள்ளே தள்ளும்.

ஒரு பக்கம் முற்றாக உயிரில்லாமல் கிடந்தால், அது சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். ஒவ்வொரு இயர்பட்டுக்குள்ளும் தனித்தனியே சிறிய பற்றரி உண்டு. பெட்டிக்குள் இருக்கும் உலோக முனைகளைத் தொட்டால்தான் அது சார்ஜ் ஏறும். எங்கள் வெயிலில் வியர்வை உப்பு அந்த முனைகளில் படிந்து கறுக்கும். பெட்டியிலும் இயர்பட்டிலும் உள்ள முனைகளைக் காய்ந்த பஞ்சால் துடைத்து, அரை மணித்தியாலம் பெட்டியை மூடிவைத்துப் பாருங்கள். சார்ஜ் இருந்தும் ஒரு பக்கம் இணையவில்லை என்றால், தொலைபேசியின் புளூடூத் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கி, இரண்டையும் பெட்டிக்குள் வைத்து ரீசெற் செய்து, புதிதாக இணைக்க வேண்டும். ரீசெற் செய்யும் முறை மொடலுக்கு மொடல் வேறுபடும். பெட்டியோடு வந்த துண்டுத்தாளை எறிந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று வருடம் பாவித்த இயர்பட் சீக்கிரமே சார்ஜ் இறங்கினால் பற்றரி தேய்ந்துவிட்டது. அதை மாற்றும் செலவில் புதிதே வாங்கலாம்.

சத்தம் விட்டுவிட்டு வந்தால் தொலைபேசியை வைத்திருக்கும் பொக்கற்றை மாற்றிப் பாருங்கள். புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மனித உடலே கணிசமாக உறிஞ்சிவிடும். வைஃபையும் இதே அலைவரிசையில் நெருக்கியடிக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடும் சகோதரங்களோடும் வட்ஸ்அப்பில் கதைக்கும்போது மட்டும் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிப்பது இன்னொரு முறைப்பாடு. இது பழுதே அல்ல. பாட்டுக் கேட்கும்போது ஒலி ஒரு திசையில் மட்டும் வருகிறது. மைக் திறந்ததும் அதே குறுகிய பாதையில் இரு திசையிலும் ஒலி போக வேண்டியிருப்பதால் தரம் இறங்குகிறது. வயதான அம்மாவுக்குப் பேரப்பிள்ளையின் குரல் விளங்க வேண்டுமென்றால் பழைய வயர் இயர்போன்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். அழைப்பு எடுத்தும் குரலே கேட்கவில்லை என்றால், சரியாக மூடாத பெட்டிக்குள் கிடக்கும் இயர்பட்டுக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம். புளூடூத்தை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி, பழுது காதில் என்று தெரிந்தவர்களுக்கு. ஒரு காது மந்தமானவர் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டுகிறார். மந்தமான காதுக்குப் போதுமான அந்தச் சத்தம், நல்ல காதுக்கு அளவுக்கு மிஞ்சியது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம் பாதுகாப்பாகக் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் ஆனால் அது வெறும் 4 மணித்தியாலமாகச் சுருங்குகிறது. மிஞ்சியிருக்கும் ஒரே நல்ல காதை இப்படித்தான் தெரியாமல் பழுதாக்குகிறோம்.

இதற்குத் தொலைபேசியிலேயே வழி உண்டு. அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் செற்றிங்ஸுக்குள் அக்சசிபிலிற்றி என்ற பகுதியில் 'மோனோ ஓடியோ' இருக்கிறது. அதைப் போட்டால் இடது, வலது ஒலிகள் ஒன்றாகக் கலந்து இரண்டு பக்கமும் வரும். நல்ல காதில் ஒரு இயர்பட் மட்டும் போட்டாலும் பாட்டில் எந்த வாத்தியமும் தவறாது. அதன் அருகிலேயே இடம் வலம் சமநிலைக் கோடும் உண்டு. யாராவது தெரியாமல் அதை ஒரு பக்கம் இழுத்துவிட்டாலும் 'ஒரு பக்கம் கேட்கவில்லை' என்ற நிலை வரும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

சீழோ நீரோ வடியும் காதுக்குள் இயர்பட் போடவே கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அடைப்பும் ஈரமும் தொற்றைக் கூட்டும். எலும்பின் வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போன்கள் செவிப்பறையைத் தவிர்த்து உட்காதுக்கு ஒலியைக் கொண்டுபோவதால் இப்படியானவர்கள் சிலருக்கு உதவும். உட்காது நரம்பே பாதிக்கப்பட்டிருந்தால் அவையும் பெரிதாக உதவாது.

குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்பதும் வெடிச்சத்தம் விட்டுச்சென்ற அடையாளமாக இருக்கலாம். அதிக அதிர்வெண் ஒலிகள் முதலில் போவதால் 'ச', 'த', 'க' போன்ற எழுத்துகள் மங்கிவிடும். ஓயாத இரைச்சலும் அப்படித்தான். அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. எந்தக் காது, எப்போதிலிருந்து, கிட்ட வெடித்ததா, இரத்தமோ நீரோ வந்ததா என்பதைச் சொல்லுங்கள். பதினைந்து வருடத்துக்கு முந்திய கதை என்று விட்டுவிட வேண்டாம். நன்றாயிருந்த காது திடீரென ஓரிரு நாளில் மந்தமானால் மட்டும் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும், ஏனென்றால் அதற்கான மருந்து தொடக்க நாட்களில்தான் அதிகம் பலன் தரும்.