புருவம் திருத்தும் நூல்

பார்லரில் ‘ஐப்ரோ’ எடுக்கும் நூல் சாதாரணப் பருத்தி நூல்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நடுவில் சில முறுக்குகள் போட்டு, விரல்களை விரித்தும் குவித்தும் இயக்குகிறார் பியூட்டிஷியன். விரல் விரிய விரிய முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. வழியில் அகப்படும் முடிகளைக் கவ்வி வேரோடு பிடுங்குகிறது. வாடிக்கையாளரை ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் இமையையும் இழுத்துப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். தோல் தளர்ந்திருந்தால் முறுக்கில் சிக்கிக் கீறிவிடும்.

இரண்டு, மூன்று வாரத்திலேயே மறுபடி முடி எட்டிப் பார்க்கிறதே? அவற்றில் பல, அன்று நூலுக்கு அகப்படாமல் தோலுக்கடியில் இருந்தவை. தலைமுடி பல ஆண்டுகள் தொடர்ந்து வளரும். புருவ முடி ஒன்றிரண்டு மாதங்கள் மட்டுமே வளர்ந்து ஓய்வுக்குப் போய்விடும். அதனால்தான் அது கூந்தலாக நீள்வதில்லை. வளர்ந்து, ஓய்ந்து, உதிரும் முழுச் சுற்றுக்குச் சுமார் நான்கு மாதங்கள் ஆகும். அளவுக்கு மீறி எடுத்துவிட்ட புருவம் நிரம்புவதற்கும் அத்தனை பொறுமை வேண்டும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகப் பிடுங்கினால் வேர்க்கால் சிதைந்து, முடி திரும்ப வராமலே போகலாம்.

மெல்லிய கோடாகப் புருவத்தைக் குறைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பவன் சின்ஹா குழுவினர் பிரபலங்களின் படங்களைத் திருத்திக் காட்டி, யாரென்று கேட்டார்கள். 2003-ல் வெளியான முடிவு வியப்பானது. கண்களை அழித்த படங்களில் சுமார் 56 சதவீதம் அடையாளம் காணப்பட்டன; புருவங்களை அழித்தவற்றில் 46 சதவீதம்தான். முகத்தை முகமாக்குவதில் புருவத்துக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது. எல்லா முகத்துக்கும் ஒரே வில் வளைவைப் போட்டுவிடுவது அழகுக்கலை ஆகாது. இயல்பான கோட்டுக்கு வெளியே சிதறியவற்றை மட்டும் எடுப்பவரே கைதேர்ந்தவர்.

பல்லில் கடிக்கும் பழக்கம் மாற வேண்டும். எச்சில் பட்ட நூல் முடி பிடுங்கிய புண்ணான தோலில் உரசுகிறது. நூலால் முடி எடுக்கும் த்ரெட்டிங்குக்குப் பிறகு புருவ ஓரமாக வைரஸ் மருக்கள் வரிசையாக முளைத்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. நூலின் முனையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டும் இதே வேலையைச் செய்யலாம். ஒவ்வொருவருக்கும் புது நூல், கழுவிய கை என்று வாடிக்கையாளர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.

மாதாமாதம் ஒருவரின் புருவத்தை இத்தனை அருகில் பார்ப்பவர் பியூட்டிஷியன் மட்டுமே. எடுக்காமலே வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்திருந்தால், அது தைராய்டு சுரப்புக் குறைவாலோ, சில சமயம் தொழுநோயாலோ இருக்கலாம். அங்கே பென்சிலால் நிரப்பி அனுப்பிவிடாமல், தோல் மருத்துவரைப் பாருங்கள் என்று அவர் சொல்லியனுப்ப வேண்டும். தைராய்டு குறைவை ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.