சாட்சி சொல்லப் போனா கூலி போச்சா? கோர்ட்டில் 'படி' கேட்கலாம்

உசிலம்பட்டி: கோர்ட் சம்மன் கைக்கு வந்தால் கொத்தனார், சித்தாள், கடைப் பையன் எல்லாருக்கும் ஒரே கவலைதான். அன்னைக்கு கூலி யார் தருவா?

அரசு ஊழியர் தன் வேலை சம்பந்தமாக சாட்சி சொன்னால் அது பணி நாளாகவே கணக்கு. தனியார் வேலைக்கும் தினக்கூலிக்கும் இதற்கென்று தனி சம்பள லீவு சட்டத்தில் இல்லை. முதலாளி மனசு வைத்தால் உண்டு.

ஆனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. கிரிமினல் வழக்கில், சாட்சிக்கு ஆகும் நியாயமான செலவை அரசு பணத்தில் தரச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 2024 ஜூலையில் வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இது 350-வது பிரிவு. தருவதும் தராததும் நீதிபதி முடிவு. அதனால் சாட்சி முடிந்து கூண்டை விட்டு இறங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்காமல் வந்தால் நம் நஷ்டம்தான்.

நிலத்தகராறு, பாகப்பிரிவினை போன்ற சிவில் வழக்கு என்றால், சாட்சியை கூப்பிடுகிற கட்சிக்காரரே வழிச்செலவையும் ஒரு நாள் படியையும் முன்கூட்டியே கோர்ட்டில் கட்ட வேண்டும்.

கூலி போகுதேன்னு வேண்டுமென்றே போகாமல் இருந்தால் 6 மாதம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சாட்சி வந்து நிற்கும்போது, தனிக் காரணம் எழுதாமல் விசாரிக்காமலே வாய்தா போடக்கூடாது. கிரிமினல் வழக்கில் வாய்தா கேட்கும் தரப்பிடம் செலவுத்தொகை கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு வழி இருக்கிறது.