மூங்கில் சுமக்கும் மிதிவண்டி

விடிவதற்கு முன்பே சங்கரன்கோவில் பூச்சந்தை விழித்துக் கொள்ளும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மல்லிகையும் பிச்சியும் வந்து இறங்கும். ஒரு காலத்தில் அந்தப் பூக்கள் மூங்கில் கூடைகளில் நிறைந்து, மிதிவண்டியின் பின்னால் கட்டப்பட்டு வந்தன. தறிக்காரர்களின் நூலும் அவ்வாறே வீதிகளில் பயணம் செய்தது. கூடை மூங்கில், அதைச் சுமந்த வண்டியோ இரும்பு.

அந்த வண்டியையே மூங்கிலால் செய்தால் என்ன?

வேடிக்கைக்காகக் கேட்கப்படும் கேள்வி அன்று இது. உலகின் பல பகுதிகளில் மூங்கில் மிதிவண்டிகள் இன்று சாலைகளில் ஓடிக் கொண்டிருக்கின்றன. எண்ணமும் புதியதன்று. 1890களிலேயே இங்கிலாந்தில் மூங்கிலால் மிதிவண்டி செய்து விற்றனர். பின்னர் எஃகுக் குழாய்கள் மலிவாகப் பெருகவே, மூங்கில் மறக்கப்பட்டது. நூறாண்டுகள் கழித்து, 1995இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த மிதிவண்டி வடிவமைப்பாளர் கிரெய்க் கால்ஃபி அதற்குப் புத்துயிர் அளித்தார். தம் வளர்ப்பு நாய் எவ்வளவு கடித்தும் ஒரு மூங்கில் துண்டை உடைக்க முடியாததைக் கண்டே அதன் உறுதி அவருக்குப் புலப்பட்டதாம்!

செய்யும் முறை

மூங்கில் மிதிவண்டி என்றதும் முழுவதும் மூங்கில் என்று எண்ணிவிடலாகாது. நம் கடைக்காரர்கள் ‘பிரேம்’ என்று சொல்லும் சட்டகம் மட்டுமே மூங்கில். சக்கரம், சங்கிலி, பெடல், பிரேக், ஹேண்டில்பார் எல்லாம் வழக்கமானவையே.

சட்டகத்திற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை முற்றிய கழிகளே ஏற்றவை. இளங்கழி உலரும்போது சுருங்கிப் பிளக்கும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை நாடி வண்டுகள் துளையிடும். அதனைத்தான் ‘உளுத்துப் போயிற்று’ என்கிறோம். இதைத் தவிர்க்க, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் கழிகளை ஊறவைத்து, நிழலில் பொறுமையாக உலர்த்துகின்றனர். பின்னர் அளவாக அறுத்து, அச்சுச் சட்டத்தில் பொருத்தி, மூட்டுகளில் சணல் போன்ற நாரைப் பிசினில் தோய்த்து இறுகச் சுற்றுகின்றனர். பிசின் இறுகியதும் மூட்டு கல்லாகிவிடும். சக்கரமும் பெடலும் ஹேண்டில்பாரும் சேருமிடங்களில் மட்டும் உலோகத் துண்டுகள் பதிக்கப்படும். இறுதியில் ஈரம் புகாதபடி மெருகெண்ணெய் பூசிவிட்டால் சட்டகம் தயார்.

இந்த வண்டியின் தனிச்சிறப்பு அதன் நெகிழ்வு. மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை மூங்கில் பெருமளவு தானே வாங்கிக் கொள்கிறது. ஓட்டுபவரின் கையும் முதுகும் நோவதில்லை.

ஒரு சிற்றூரின் கதை

இந்தோனேசியாவின் நடு ஜாவாவில், தெமாங்குங் மாவட்டத்தில் கண்டங்கான் என்றொரு சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்த சிங்கி கார்த்தோனோ, பாண்டுங் நகரில் வடிவமைப்புக் கல்வி பயின்றவர். படித்தவர்கள் தலைநகரை நோக்கி ஓடும் நாளில், அவர் தம் ஊருக்கே திரும்பி வந்தார். முதலில் ஊராரைக் கொண்டு மரத்தாலான வானொலிப் பெட்டிகள் செய்தார். பின்னர், ஊரைச் சுற்றி மண்டிக் கிடந்த மூங்கிலைக் கொண்டு மிதிவண்டி செய்தார். அதற்கு ‘ஸ்பெடகி’ என்று பெயரிட்டார். ‘காலை மிதிவண்டி’ என்று பொருள்படும் இரு சொற்களின் சுருக்கம் அது.

2022 ஜூன் மாதம், ஆஸ்திரேலியப் பிரதமர் அந்தோணி அல்பனீஸ் இந்தோனேசியா சென்றபோது, அந்நாட்டின் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ அவரை போகோர் மாளிகைத் தோட்டத்தில் மூங்கில் மிதிவண்டியில் அழைத்துச் சென்றார். இரு தலைவர்களும் மிதித்த வண்டிகள் ஒரு சிற்றூரின் பட்டறையில் பிறந்தவை! ஆயினும் கார்த்தோனோவின் நோக்கம் வண்டி விற்பதோடு நின்றுவிடவில்லை. ஊரை விட்டுப் போன அறிவும் உழைப்பும் ஊருக்கே திரும்ப வேண்டும் என்பதே அவர் கருத்து.

ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், பெர்னிஸ் டாப்பா என்னும் பெண்மணியின் முயற்சியால் 2009இல் தொடங்கிய அமைப்பு, இளம் பெண்களுக்கு மூங்கில் சட்டகம் செய்யப் பயிற்சி அளித்து வருகிறது. நம் நாட்டிலும், விமானப்படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்ற சசிசேகர் பாடக், புணே நகரில் ‘பம்பூச்சி’ என்ற பெயரில் கையாலேயே மூங்கில் மிதிவண்டிகளை உருவாக்கினார்.

நிறையும் குறையும்

நன்மையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது முறையன்று. ஒரு சட்டகத்திற்குப் பல நாள் கைவேலை தேவைப்படுவதால், சாதாரண மிதிவண்டியைவிட இதன் விலை பன்மடங்கு. மூட்டில் ஊறும் பிசின் பெரும்பாலும் இரசாயனப் பொருளே. பராமரிப்பின்றி மழையில் போட்டு வைத்தால் மூங்கில் கெடும்.

அப்படியாயின் இதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன இலாபம்? மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. வெட்ட வெட்டத் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். உலைக்களத்தின் பெருந்தீயும் அதற்கு வேண்டுவதில்லை. ஆனால் பெரிய இலாபம் சட்டகத்தில் இல்லை, மிதிப்பதில்தான் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் உள்ள கடைக்கு மோட்டார் சைக்கிளை முடுக்குவதை நிறுத்தினால், இரும்பு வண்டியானாலும் மூங்கில் வண்டியானாலும் புகை குறையும். வீண் செலவும் குறையும். உடலும் நலம் பெறும்.

மிதிவண்டி ஒரு சமுதாயத்தையே மாற்றும் என்பதற்குத் தமிழகமே சான்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களில் இருந்தனர். எள்ளல் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் அவர்கள் மிதித்தனர். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. யார் துணையும் இன்றிச் சென்று வரும் துணிவும் பிறந்தது.

நாம் செய்யக் கூடியது

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் மலைத்தொடர் நீள்கிறது. வறட்சியைத் தாங்கும் கல் மூங்கில் நம் நாட்டிலேயே வளர்வதுதான். காட்டு மூங்கிலைத் தொட வேண்டியதில்லை. சொந்த நிலத்தில் மூங்கில் வளர்ப்போரை ஊக்குவிக்க, தேசிய மூங்கில் இயக்கம் 2018இல் சீரமைக்கப்பட்டது.

கழியைவிட அரியது கைத்திறன். பிளாஸ்டிக் கூடைகள் வந்தபின் மூங்கில் முடைவோர் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டு வருகின்றனர். எந்தக் கழி முற்றியது, எது பிளக்கும் என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லும் அறிவு அவர்களுடையது. அவர்களுடன் ஊரின் சைக்கிள் பழுது பார்ப்பவரும், தொழிற்பயிற்சி பெற்ற இளைஞரும் கைகோத்தால் ஒரு பட்டறை உருவாகாதா? பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கடல் கடந்தும் செல்லும் பிள்ளைகளில் இருவர் மூவரேனும் ஊரிலேயே தங்க வழி பிறக்குமன்றோ!

அந்தப் பட்டறை எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனையோ வீடுகளில், மூத்த பிள்ளைக்குப் பள்ளியில் அரசு வழங்கிய சைக்கிள் காற்றிறங்கிச் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அதன் தூசியைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, நாளைக் காலை கடைவீதிக்கு அதிலேயே புறப்படுவோம்.