உயிர் காக்கும் முதற் சில நிமிடங்கள்

மனித சரீரத்தில் ஓய்வென்பதை அறியாது உழைப்பது இருதயம். அது திடீரென நின்றுவிடின், மனிதன் சில விநாடிகளில் உணர்விழந்து வீழ்வான். பிராணவாயு பெறாத மூளை நான்கைந்து நிமிடங்களிற் கெடத் தொடங்கும். வைத்தியர் எத்துணை விரைந்து வரினும், அக்குறுகிய பொழுதினுள் வந்து சேர்தல் அரிது. ஆதலின், வீழ்ந்தவனது உயிர் அருகில் நிற்போர் கையிலேயே உளது என்பதை நாம் ஈண்டு வற்புறுத்த விழைகின்றோம்.

முற்காலத்தில், நின்ற இருதயத்தை இயக்க மார்பைக் கீறி அதனைக் கையாற் பிசைதலே வைத்தியசாலைகளிற் பெருவழக்கு. மார்பைத் திறவாமலே, புறத்தே அழுத்தி மூளைக்கு இரத்தத்தைச் செலுத்தலாமென 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளராகிய கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர் வெளியிட்டனர். இதுவே இன்று சி.பி.ஆர். என வழங்கும் முறைக்கு அடிப்படையாயிற்று.

இதன் பயனை 2021 ஜூன் 12-ஆம் நாள் உலகம் கண்கூடாகக் கண்டது. கோபன்ஹேகன் நகரில் பின்லாந்துடன் நிகழ்ந்த கால்பந்துப் போட்டியில், டென்மார்க்கு வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், எவரும் மோதாமலே வீழ்ந்தார். அவருக்கு வயது 29. வைத்தியக் குழுவினர் களத்திலேயே மார்பை அழுத்தினர், மின்னதிர்ச்சியும் அளித்தனர். இருதயம் மீண்டும் துடித்தது. மறு ஆண்டிலேயே அவர் பந்தாடத் திரும்பினார். அவருக்கு உதவுவோர் களத்தருகே ஆயத்தமாய் நின்றனர். நம் வீட்டிலும் விடுதியிலும் பேருந்து நிலையத்திலும் நிற்போர் யாவர்? நாமே அன்றோ!

செய்முறை எளிது. வீழ்ந்தவரைத் தட்டி அழைக்க. விடையும் இயல்பான மூச்சும் இல்லையேல், ஒருவரை 108-க்கு அறிவிக்கச் செய்க. இடையிடையே வாய் பிளந்து விக்குதல் மூச்சாகாது. அவரைக் கெட்டியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, உள்ளங்கையின் அடிப்பாகத்தை நடுமார்பில் வைத்து, மற்றொரு கையை அதன்மேற் கோத்து, முழங்கை மடங்காது அழுத்துக. வயது வந்தோர்க்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர்; வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் மார்பு முற்றும் எழ விடுக. களைப்புற்றால் மற்றொருவர் மாறிக்கொள்க. உதவி வரும்வரை நிறுத்தற்க.

விலாவெலும்பு முறியுமோ எனச் சிலர் அஞ்சுவர். முறிந்த எலும்பு மீளவும் கூடும். பிரிந்த உயிர் கூடுமோ? இம்முயற்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே செல்லும். ஆகவே, மாணவ நண்பர்காள், படித்ததோடு அமையாது, பயிற்சியாளரிடம் சென்று கைகளைப் பழக்குமின். கற்றாரது கை ஒரு குடும்பத்தையே காக்கும்.