டென்மார்க்கின் துணையும் தமிழ்நாட்டு உழத்தியரும்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் வட்டாரத்தில், சிராங்கூன் சாலையோரக் கடைகளில் பொன்னி அரிசியும் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் தமிழ்நாட்டிலிருந்து வந்து நிறைகின்றன. விலை பேசி வாங்குவோர் பலர். அவற்றை விளைவித்த கைகள் யாருடையவை என எண்ணுவோர் சிலரே. நாற்று நடுவதும் களை பறிப்பதும் விதை நெல்லைக் காப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆயினும், ‘விவசாயி’ என்றவுடன் ஓர் ஆண்மகனின் உருவமே மனக்கண்முன் தோன்றுகிறது. வேளாண்மைத் துறையின் அறிவுரையும் நெடுங்காலம் ஆண்களையே சென்றடைந்தது. இக்குறையைப் போக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று டென்மார்க் நாட்டின் உதவியோடு நடைபெற்றதாகும்.

டென்மார்க் தமிழருக்குப் புதிய நாடன்று. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் தரங்கம்பாடியில் டேனியர் வாணிகம் செய்ய வந்தனர். 1845இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்று அகன்றனர். அது மிளகையும் துணியையும் நாடிய உறவு. இருபதாம் நூற்றாண்டில் உறவின் இயல்பு மாறிற்று. வளர்ந்துவரும் நாடுகளுக்கு உதவ 1962இல் அந்நாடு சட்டம் இயற்றியது. ‘டானிடா’ என்னும் அரசு அமைப்பின் வாயிலாக அவ்வுதவி சென்றது. தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கு உதவிக்கு ஒதுக்கவேண்டும் என்ற ஐக்கிய நாடுகளின் இலக்கை டென்மார்க் 1978இலேயே எட்டியது. அரசுக்கு வெளியிலும் அமைப்புகள் தோன்றின. பழங்குடியினர் உரிமைக்கான பன்னாட்டுக் குழு 1968இலும், வளர்முக நாட்டுப் பெண்களின் நலம் கருதும் ‘குலு’ என்னும் கூட்டமைப்பு 1976இலும் கோபன்ஹேகனை இடமாகக் கொண்டு அமைந்தன.

இந்தப் பின்னணியில், 1986இல் தமிழ்நாட்டில் டானிடாவின் துணையுடன் உழவுப் பெண்களுக்கான பயிற்சித் திட்டம் தொடங்கிற்று. ‘தான்வா’ என அது அழைக்கப்பட்டது. வீடும் மாடும் குழந்தையும் உள்ள பெண் பயிற்சிக்காக நகரம் செல்ல இயலாது. ஆகவே பெண் வேளாண் அலுவலர்கள் கிராமத்திற்கே சென்று கற்பித்தனர். கற்றவர் அண்டை அயலாருக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது ஏற்பாடு.

கற்பித்தவை எளியவை; ஆனால் பயனுள்ளவை. உப்புநீரில் விதை தேர்தலை எடுத்துக்கொள்வோம். முட்டை மிதக்கும் அளவுக்கு நீரில் உப்பைக் கரைத்து விதை நெல்லை இட்டால், பதரும் அரைவயிற்று நெல்லும் மேலே மிதக்கும்; முற்றிய மணிகள் அடியில் தங்கும். அவற்றை நல்ல நீரில் கழுவி விதைத்தால் நாற்று வலுவாக எழும். செலவு ஒருபிடி உப்பே. மண்மாதிரி எடுத்தல், விதைநேர்த்தி, பூச்சிகளை இனங்காணுதல், எலி ஒழிப்பு முதலியனவும் பாடங்களாயின.

1998 மே மாதத்தில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதனை ஏற்காத டென்மார்க், இந்தியாவுக்கான உதவியைப் படிப்படியாக முடித்துக்கொள்ள முடிவு செய்தது. 2003இல் இந்திய அரசும் ஒருசில நாடுகளின் நேரடி உதவியை மட்டுமே இனி ஏற்பதெனத் தீர்மானித்தது. அவ்வாண்டோடு தான்வாவுக்கான டேனிய உதவியும் நின்றது. வயலில் குனிந்து நின்ற பெண்ணுக்கு இந்த முடிவுகளில் பங்கேதும் இல்லை. அயலாரின் உதவி எவ்வளவு நல்லதாயினும், அது அரசுகளின் உறவைப் பொறுத்தது என்பதே இதிலுள்ள பாடம்.

மற்றொரு குறையும் உண்டு. திட்டம் முதன்மையாக நாடியது சிறுநிலம் உடைய குடும்பத்துப் பெண்களையே. கூலிக்கு நடவு நடும் நிலமற்ற பெண்கள் பெரும்பாலும் புறத்தே நின்றனர். நிலமுள்ள குடும்பங்களிலும் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரிலேயே இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தரும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது. இந்தியா முழுமைக்கும் அது 2005இல் வந்தது. எனினும் சட்டம் வீட்டுவாசலைத் தாண்டி உள்ளே நுழைவதற்குக் காலம் பிடிக்கிறது.

பணம் நின்றாலும் கற்ற கல்வி நிற்பதில்லை. உப்புநீரில் விதை தேறக் கற்ற தாய் அதனை மகளுக்குச் சொல்லலாம். அதற்கு எந்நாட்டு இசைவும் வேண்டுவதில்லை. ஆனால் தேறிய விதையை ஊன்றும் நிலத்தில் அவளுக்கும் உரிமை வேண்டும். அதை வழங்க வேண்டியது டென்மார்க் அன்று. அவள் பிறந்த வீடும் புகுந்த வீடுமே ஆகும்.