சுண்டெலிக்கு ஒரு பெட் ஸ்கேன்

பன்னிரண்டாம் வகுப்பில் ஒளி டையோடு நடத்தும்போது, "பின்னோக்குச் சார்பில் இணைத்தால் மின்னோட்டமே பாயாதே, பிறகு எதற்கு சார்?" என்று ஏதேனும் ஒரு மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அதற்கான விடைகளில் ஒன்று, உயிருள்ள சுண்டெலியின் மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் இருக்கிறது.

புதிய மருந்துகள் பெரும்பாலும் முதலில் எலிகளிடமே சோதிக்கப்படுகின்றன. கட்டி சுருங்குகிறதா என்று அறிய, ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்று உறுப்புகளை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பெட் ஸ்கேன் வந்தபின் அதே எலியை இந்த வாரமும் பார்க்கலாம், அடுத்த மாதமும் பார்க்கலாம்.

பெட் ஸ்கேனில், கதிரியக்க ஃபுளூரின்-18 சேர்த்த சர்க்கரைப் பொருளை உடலுக்குள் செலுத்துவார்கள். அது வெளியிடும் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானுடன் சேர்ந்து அழியும். அப்போது தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் புறப்படும். சுற்றிலும் வளையமாக அடுக்கிய படிகங்களில் அவை மோதும்போது மெல்லிய ஒளி மின்னும். எந்த இரு படிகங்கள் ஒரே கணத்தில் மின்னினவோ, அவற்றை இணைக்கும் கோட்டில்தான் அந்த அழிவு நடந்திருக்கிறது.

சிக்கல் அளவில்தான். மனிதருக்கான கருவிகள் பொதுவாக 4, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய விவரத்தைப் பிரித்துக் காட்டுவதில்லை. சுண்டெலியின் மூளையோ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். படத்தில் இரண்டு மூன்று புள்ளிகளாக முடிந்துவிடும். எனவே படிகங்களை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றின் ஒளியையும் தனியாகப் பிடிக்க வேண்டும். அதுவரை ஒளியைப் பிடித்தவை ஏறத்தாழ ஆயிரம் வோல்ட்டில் இயங்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள். அவை பருமனானவை. எம்.ஆர்.ஐ. காந்தத்தின் அருகே வைத்தால் உள்ளே ஓடும் எலக்ட்ரான்கள் வழிமாறியும் போகும்.

இங்கேதான் பின்னோக்குச் சார்பு கைகொடுத்தது. டையோடில் ஒளித்துகள் விடுவிக்கும் எலக்ட்ரானை வலுவான மின்புலம் விரட்டுகிறது. அது மோதி மேலும் எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. பாடத்தில் சரிவு முறிவு என்று நடத்துகிறோமே, அதே நிகழ்வுதான். இத்தகைய டையோடுகளைக் கொண்டு 1990களில் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் சிறு விலங்குகளுக்கான பெட் கருவி உருவானது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தினர் இன்னும் ஒரு படி சென்று, எலியின் தலையைச் சுற்றி மாட்டும் சிறு வளையமாகவே பெட் கருவியைச் செய்தார்கள். அதன் எடையை மேலிருந்து தாங்கிப் பிடித்ததால் எலி நடமாட முடிந்தது. மயக்க மருந்து மூளையின் செயல்பாட்டையே மாற்றிவிடும் என்பதால், விழித்திருக்கும் எலியைப் படமெடுப்பது பெரிய விஷயம். கண்ணாடிக் குழாய்களை எலியின் தலையில் ஏற்றியிருக்க முடியுமா?

பின்னர் வந்த சிலிக்கான் ஒளிப்பெருக்கி, சில மில்லிமீட்டர் சில்லில் ஆயிரக்கணக்கான நுண் டையோடுகளை அடுக்கியது. ஒவ்வொன்றும் ஓர் எலிப்பொறி போல (உவமை எலிகளுக்குப் பிடிக்காது!). ஒரே ஒரு ஒளித்துகள் பட்டாலும் முழுதாக அடித்துவிடும். மீண்டும் தயாராகச் சற்று நேரம் வேண்டும். எத்தனை பொறிகள் அடித்தன என்பதே ஒளியின் அளவு. ஒரே பொறியில் ஒரே கணத்தில் இரண்டு ஒளித்துகள்கள் விழுந்தால் என்ன ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கணக்கு குறையும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சில நேரம் ஒளியே இல்லாமல் வெப்பத்தாலும் பொறி அடிக்கும். அதனால் இவற்றின் வெப்பநிலையைக் கண்காணிக்க வேண்டியுள்ளது.

வகுப்பில் செய்து காட்ட ஒரு சிவப்பு எல்.இ.டி.யும் மல்டிமீட்டரும் போதும். எல்.இ.டி.யின் இரு கால்களையும் மீட்டரில் இணைத்து நேர்மின்னழுத்த அளவில் வைத்து, வெயிலில் காட்டுங்கள். பிறகு கையால் மூடுங்கள். இங்கே பின்னோக்குச் சார்பும் இல்லை, சரிவும் இல்லை. ஆனால் ஒளி பட்டதும் டையோடு மின்னழுத்தம் தருவதை மாணவர்கள் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.